பூட்டில்லாத இடத்துக்கு ஈடு

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் தையல் மெஷினும் நலம். இரண்டு பேருக்கும் முழங்காலில்தான் கொஞ்சம் சத்தம் வருகிறது. அந்தக் குளிரில் உனக்கு மூச்சிரைப்பு வராமல் இருக்கிறதா? போனில் கேட்டால் எதற்கெடுத்தாலும் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தில் வெறும் "சரி" என்று எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

வரும் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த மறுகட்டுமானம் வந்தேவிட்டது. நம் வரிசை வீடுகள் எல்லாவற்றையும் இடித்து அடுக்குமாடி கட்டப்போகிறார்கள். பழைய குடோன் இருந்த இடத்தில் முதல் கட்டடம் ஏற்கனவே எழும்பி நிற்கிறது. எங்களை அங்கே மாற்றிவிட்ட பிறகுதான் இங்கே கடப்பாரை விழுமாம். வீட்டு முன்னறையில் நான் தைப்பதால் அதைக் கடை என்று எழுதிக்கொண்டார்கள். ஆகவே நமக்கு இரண்டாம் மாடியில் ஒரு வீடு, கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்தபடி ஒரு கடை அறை. ஊரை விட்டுப் போகும்போது நீ என்ன சொன்னாய்? "அஞ்சே வருஷம்க்கா. வந்து உன் மெஷினுக்குப் பக்கத்துல என் ரிப்பேர் மேஜையைப் போட்டுடறேன்" என்றாய். அஞ்சு எட்டாகிவிட்டது. இப்போது அறை தயார், ஆள்தான் பாக்கி.

கஷ்டமெல்லாம் இளைஞர் மன்றத்துக்குத்தான். புதிய சாலை சரியாக மன்றக் கூடத்தின் மேலே போகிறது. அந்த நிலத்துக்குப் பத்திரம் இல்லை. பம்ப் அறைக்குப் பக்கத்தில் குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை நம் தெருப் பையன்கள்தானே துப்புரவாக்கிக் கூடம் கட்டினார்கள். பத்திரம் இல்லாவிட்டாலும், நெடுநாள் அனுபவித்து வந்தவர்களுக்கு ஈடு உண்டு என்று சட்டம் சொல்கிறதாம். அதைப் பார்க்க அதிகாரி வந்தார். சின்ன வயதுப் பெண்தான், பேச்சு மட்டும் கோடு போட்ட தாளில் எழுதியது மாதிரி. மன்றத் தலைவர் விசிலண்ணனைப் பார்த்து, "சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார். நீ போகும்போது விசிலண்ணன் எப்படி இருந்தாரோ அப்படியேதான் இருக்கிறார். பகலில் குழாய் வேலை, சாயங்காலம் மன்றம், கழுத்தில் எந்நேரமும் அந்த விசில். "சாவியா? பூட்டே கிடையாது மேடம். கட்டின நாள்லேர்ந்து தொறந்துதான் கெடக்கு" என்று மார்தட்டிக்கொண்டார். அதிகாரி பேனாவை மூடிவிட்டார்.

"பூட்டு இல்லன்னா யார் வேணும்னாலும் வரலாம். அப்ப அது பொது இடம். பொது இடத்துக்கு ஈடுன்னு யார் கையில குடுக்கறது?"

உனக்கு ஏதாவது யோசனை தோன்றினால் எழுது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

உன் அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

நன்றாக இருக்கிறேன். மூச்சிரைப்பு இல்லை. லிஃப்டைச் சரிசெய்யப் போகிற இடத்திலெல்லாம் லிஃப்ட் ஓடாதாகையால் படியேறியே நெஞ்சு இரும்பாகிவிட்டது. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, மெஷினுக்கு எண்ணெய் விடு. அவசரத்தில் மாற்றிச் செய்துவிடாதே.

கடை அறை செய்தி கேட்டு மிகவும் சந்தோஷம். என் மேஜை இடது பக்கச் சுவரை ஒட்டி வரட்டும். விசிறி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் தொங்கவிடச் சுவரில் ஆணி வரிசை. உன் மெஷின் வெளிச்சத்துக்காக வாசல் பக்கம். அறையின் நீள அகலம் எழுது, நான் படம் போட்டு வைக்கிறேன்.

மன்றத்துக்கு நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. ஒரு பூட்டு வாங்கி மாட்டச் சொல். அடுத்த முறை அதிகாரி வந்ததும் விசிலண்ணன் சாவியை எடுத்து நீட்டட்டும். விஷயம் முடிந்தது. கீழ்வீட்டு டீச்சரிடம் இதைச் சொன்னேன், அவருடைய மேஜை விசிறியைச் சரிபார்க்கப் போயிருந்தபோது. அவரும் நம் மொழிக்காரர், பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கேட்டுவிட்டுச் சிரித்தார். எதற்கு என்று சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. மானம்தான் கொஞ்சம் போயிற்று. நீ எப்படி இருக்கிறாய்?

உன் யோசனையைக் கொண்டுபோய் விசிலிடம் கொடுத்தது என் தப்பு. மனிதர் அன்றைக்கே கடைக்கு ஓடி, குழந்தைத் தலை அளவுக்கு ஒரு பூட்டை வாங்கி வந்து மாட்டிவிட்டார். மாட்டினவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்கோ தண்ணீர்த் தொட்டிக்கு வால்வு மாற்றப் போய்விட்டார். சாயங்காலம் கேரம் ஆடுகிறவர்கள், கர்லாக்கட்டை சுற்றுகிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிற பெண்கள் எல்லாரும் தெருவில் நின்றார்கள். ஷிஃப்டுக்குப் போகுமுன் தினமும் அங்கே வந்து கண்ணயர்கிற பார்சல்காரர் படிக்கட்டிலேயே தூங்கி, பஸ்ஸைக் கோட்டைவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அதிகாரி வந்தார். விசில் தொண்டையைச் செருமிக்கொண்டு சாவியை எடுத்தார். அதிகாரி பூட்டைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"எப்ப வாங்கினது?"

"அது ஆச்சு மேடம், ரொம்ப வருஷம்."

"விலைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கே. போன வியாழக்கிழமைன்னு தேதி கூடப் போட்டிருக்கு."

எல்லாரும் தரையைப் பார்த்தோம். விசில் அசடு வழிந்துகொண்டே சீட்டைப் பிய்க்கப் பார்த்தார். அது பாதிதான் வந்தது. "பொய் சொல்ற இடத்துக்கு நான் எதை நம்பி எழுதறது?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் போய்விட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பூட்டை அன்றைக்கே கழற்றியாயிற்று. யோசனை கொடுத்த புண்ணியவான் யார் என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் வாயே திறக்கவில்லை.

அது இருக்கட்டும், யார் அந்த டீச்சர்?

வேளைக்கு மருந்து சாப்பிடு. சளி பிடித்தால் அலட்சியமாக இருக்காதே.

உன் அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்காவுக்கு,

சளி இல்லை, வெட்கம்தான். விசிலண்ணனிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடு. இல்லை, வேண்டாம், நானே வந்து கேட்டுக்கொள்கிறேன். உன் கால் எப்படி இருக்கிறது?

டீச்சரிடம் சொன்னேன். அன்றைக்கு ஏன் சிரித்தார் என்று இப்போதுதான் தெரிந்தது. "பூட்டு இல்லாம இத்தனை வருஷம் ஒரு கேரம் காய் கூடத் தொலையலன்னா, அந்த இடத்தை யாரோ பாத்துக்கிட்டுத்தானே இருக்காங்க? பூட்டைக் காட்டாதீங்க, பாத்துக்கறதைக் காட்டுங்க" என்றார். கணக்கு டீச்சர் அல்லவா, எதையும் மறுபக்கத்திலிருந்து போடுகிறார்.

டீச்சர் யார் என்று கேட்டிருந்தாய். கீழ்வீட்டில் இருப்பவர்.

கடை அறையின் அளவு எழுத மறந்துவிட்டாய். மேஜைக்குப் பலகை எவ்வளவு வேண்டும் என்று தெரிந்தால் நல்லது.

தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

நானும் என் காலும் சௌக்கியம். நீ இளைத்துவிடவில்லையே?

டீச்சர் யார் என்றால் கீழ்வீட்டுக்காரர். கீழ்வீடு எது என்றால் டீச்சர் குடியிருப்பது. இந்தப் பதிலை எழுதவா ஒரு தபால்தலையை வீணாக்கினாய்? இருந்தாலும் அவருக்கு என் நன்றியைச் சொல். ஏன் என்று கேள்.

விசில் அதிகாரியைத் தேடிப் போய், "பூட்டு விஷயம் எங்க தப்பு மேடம். ஒரு சாயங்காலம் வந்து உக்காந்து பாருங்க, அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க" என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பெண் வந்தார். கேரம் பலகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் கேட்டு எழுதினார். ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். நான் பந்தாட்டக்காரர்களின் கிழிந்த சட்டைகளைத் தைத்துக் கொடுக்க வந்தவள், நானும் எழுந்தேன். விசிலும் செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன் மேடம்" என்றார்.

"எல்லாரும் போனா எப்படி? கதவை யார் சாத்தறது?"

"கடைசி ஆளு பெருக்கிட்டு, விளக்கை அணைச்சுட்டு, சாத்திட்டு வரணும். அதான் இங்க வழக்கம். இப்ப கடைசி நீங்கதான்."

"நானா? நான் உங்க மன்றத்துல மெம்பரே இல்லயே."

"மெம்பர்னு இங்க யாரும் இல்ல மேடம். கடைசியா போறவங்கதான் பொறுப்பு. விளக்குமாறு அந்த மூலையில இருக்கு."

விசில் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. கட்டின நாளிலிருந்து இருக்கிற வழக்கத்தை ஒரு விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்தார். ஒப்புக்குப் பெருக்கவில்லை தம்பி, கேரம் பலகையைத் தள்ளி அதற்கடியிலும் பெருக்கினார். நாங்கள் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, "உங்களுக்குப் பூட்டு இல்லதான். ஆனா தினம் ஒரு ஆள் இருக்காங்க" என்றார்.

நேற்று உத்தரவு வந்துவிட்டது. இடம் மன்றத்தின் அனுபவத்தில் இருந்தது என்று எழுதியிருக்கிறார். நிலத்துக்கு ஈடாகப் புதிய கட்டடத்தில் ஓர் இடம் கொடுப்பார்கள். விசில் தெரு முழுக்க விசிலடித்துக்கொண்டு போனார். எனக்கு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. கூச்சத்தில் விட்டுவிட்டேன்.

உன் அக்கா


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை வேலை செய்கிற இடத்தில் லிஃப்டுக்குள் உட்கார்ந்து படித்தேன். தனியாகச் சிரிப்பதைப் பார்த்துக் கட்டடக் காவல்காரர் கதவைத் தட்டி விசாரித்துவிட்டுப் போனார். அந்த அதிகாரியைப் பார்க்காமலேயே எனக்குப் பிடித்துவிட்டது. டீச்சரிடம் நன்றியைச் சொன்னேன். அவர் வீட்டுச் சின்னப் பெண் இப்போதெல்லாம் எங்கே போனாலும், "கடைசி ஆளு யாரு?" என்று கேட்கிறாள்.

நான் வருவது சற்றுத் தள்ளிப் போகலாம். கம்பெனிக்குப் புதிதாக ஒரு பெரிய கட்டடம் கிடைத்திருக்கிறது. ஆனால் மேஜைக்குப் படம் போட்டுவிட்டேன். அறையின் அளவு மட்டும் தெரியவில்லை. நீள அகலத்தை அனுப்பு.

தம்பி


ஜூன் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். வெயில்தான் ஆளை வாட்டுகிறது. அங்கே எப்படி?

மன்றத்துக்கு இடம் ஒதுக்கியாயிற்று. நல்ல பெரிய அறை, இரண்டு ஜன்னல். ஆனால் மூன்றாம் மாடி. கீழ்த்தளம் கடை இழந்தவர்களுக்கு மட்டும் என்று விதியாம். அதிகாரி மேலிடத்தில் இரண்டு முறை எழுதிக் கேட்டுப் பார்த்தாராம், விதி விதிதான் என்று சொல்லிவிட்டார்கள். அதைச் சொல்ல அவரே நேரில் வந்தார். அதற்கே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

லிஃப்ட் இருக்கிறது. ஆனால் வாசலில் காவலாளி உட்கார்ந்து, யாரைப் பார்க்க வேண்டும், எந்த வீடு என்று கேட்டு எழுதிக்கொண்டுதான் உள்ளே விடுவார். மன்றத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் யாரையும் பார்க்க வருவதில்லையே. பார்க்க யாரும் இல்லாததால்தானே வருகிறார்கள். தெருவில் போகிறவன் விளக்கு எரிகிறதைப் பார்த்து எட்டிப் பார்ப்பான், "உள்ள வா" என்று ஒரு குரல் வரும், வந்துவிடுவான். மாடிக்கு எவன் எட்டிப் பார்ப்பான்? "ரெண்டு மாசம் நடக்கும்க்கா. அப்புறம் நானும் கேரம் பலகையும் மட்டும்தான் இருப்போம்" என்று விசில் சொல்கிறார். அவர் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையில் வைத்திருந்ததை நான் இன்றைக்குத்தான் பார்த்தேன்.

மற்றபடி விசேஷம் இல்லை. டீச்சர் வீட்டில் சின்னப் பெண் இருக்கிறாள் என்று இப்போதுதான் எழுதுகிறாய்.

உன் அக்கா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். மனம் அவ்வளவாக இல்லை.

மாடி அறை செய்தி வருத்தமாக இருந்தது. நீ சொல்வது சரி. எட்டு வருடமாக லிஃப்ட் பார்க்கிறேன், எந்த வீட்டுக்கு என்று தெரியாதவன் யாரும் ஏறிப் பார்த்ததில்லை.

அக்கா, ஒன்று கேட்கிறேன். மூன்று கடிதமாக அறையின் அளவு கேட்டாயிற்று. துணியை ஒரு விரற்கடை தப்பாமல் அளக்கிறவள் நீ. ஓர் அறையை அளக்க உனக்கு இவ்வளவு நாள் ஆகாது. கடை அறை நமக்குக் கிடைத்ததா, இல்லையா? எதையும் மறைக்காமல் எழுது.

தம்பி


ஆகஸ்ட் 3

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும்.

கடை அறை கிடைத்தது. நான் அதை மன்றத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

ஈடு பெறுகிற இரண்டு பேர் சம்மதித்தால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று விதியில் ஓர் ஓரத்தில் இருக்கிறது. அதிகாரிதான் பேச்சுவாக்கில் சொன்னார், என்னை மனதில் வைத்துச் சொல்லவில்லை. மூன்றாம் மாடி எனக்கு, கீழ் அறை மன்றத்துக்கு. நான் போய்க் கேட்டதும் அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு வாரம் யோசிச்சுட்டு வாங்க" என்றார். போனேன். "இன்னொரு வாரம்" என்றார். மூன்றாம் முறை, "உங்க தம்பி வந்து கடை வைக்கப்போறார்னு சொன்னாங்களே, அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றார். கேட்டேன் என்று சொன்னேன். பூட்டு விஷயத்தில் விசில் சொன்ன பொய்யைக் கேட்டுத் தலைகுனிந்தவள் நான். அந்த வாயாலேயே அதைச் சொன்னேன். அறையை முதலில் திறந்து காட்டாததால் உனக்கு அளவு எழுதவில்லை, திறந்தபோது எழுதக் கை வரவில்லை.

உன்னிடம் கேட்டால் நீ "சரிக்கா" என்று சொல்லியிருப்பாய். எட்டு வருடமாக அந்த மேஜையை நினைத்துக்கொண்டு அந்நியதேசத்தில் படியேறுகிறவன் வாயிலிருந்து அந்தச் "சரி"யைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. கேட்காமல் எடுத்தது அதைவிடப் பெரிய அநியாயம் என்று இப்போது தெரிகிறது.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். அப்பா போன பிறகு நீ எப்படி இருந்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்காது. யாரைக் கண்டாலும் எரிந்து விழுவாய். வீட்டில் இருப்புக்கொள்ளாது. எனக்கோ தைத்தால்தான் அடுப்பு எரியும். துணியில் கண், தெருவில் காது. அப்புறம் ஒருநாள் நீ மன்றத்துக்குப் போக ஆரம்பித்தாய். உன்னை யாரும் கூப்பிடவில்லை, நீ யார், எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்கவுமில்லை. கதவு திறந்திருந்தது, நுழைந்தாய். அங்கே பழுதாகிக் கிடந்த விசிறியைப் பிரித்துப் போட்டாய், யாரும் திட்டவில்லை. அன்றையிலிருந்து என் மெஷின் நிம்மதியாக ஓடியது. நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அந்த நிம்மதிக்கு நான் இதுவரை யாருக்கும் நன்றி சொன்னதில்லை. சொல்ல வேண்டிய நேரம் வந்தபோது கையில் இருந்தது அந்த அறைதான்.

மூன்றாம் மாடி எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை, வீட்டுக்கு மேல் மாடிதான். அளவு கொடுக்க வருகிற பெண்களுக்குத் தெருவைவிட மாடிதான் வசதி. உன் மேஜைக்குத்தான் இடமில்லாமல் செய்துவிட்டேன். திட்டி எழுது. ஆனால் எழுது.

உன் அக்கா


அக்டோபர் 5

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? போன் செய்தால் வேலையில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். குரலைக் கேட்டதில் உயிரோடு இருக்கிறாய் என்று மட்டும் தெரிகிறது.

புது வீட்டுக்கு வந்தாயிற்று. பழைய கூடத்தை இடித்தபோது விசில் பார்க்க வரவில்லை. நான் போய் நின்றேன். புழுதிதான் பறந்தது, வேறொன்றும் இல்லை.

கோபத்தையாவது எழுதி அனுப்பு.

அக்கா


நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன்னை இத்தனை நாள் தவிக்கவிட்டதற்கு மன்னித்துவிடு.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் மறுநாளே நான்கு பக்கம் எழுதியிருப்பேன். உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்தது நிம்மதி. தலையிலிருந்து பெரிய பாரத்தை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அக்கா தன் கடையையே கொடுத்திருக்கிறாள், எனக்கு நிம்மதியாக இருக்கிறதே, நான் என்ன பிறவி என்று எனக்கே பயமாகிவிட்டது. அதனால்தான் எழுத முடியவில்லை.

அக்கா, நான் அந்தக் கடைக்கு வருவதாக இல்லை. இரண்டு வருடமாகவே இல்லை. டீச்சர் யார் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய், நான் மழுப்பிக்கொண்டே இருந்தேன். அவர் கணவரை இழந்தவர். அந்தச் சின்னப் பெண் அவருடைய மகள். இப்போது நான்காம் வகுப்புப் படிக்கிறாள், தூங்குமுன் என்னிடம் வந்து வாய்ப்பாடு ஒப்பிக்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. நாங்கள் திருமணத்தைப் பதிவு செய்துகொள்ள முடிவு செய்து வெகு நாளாகிறது. அவருக்கு இங்கே நிரந்தர வேலை, அவளுக்கு இங்கே பள்ளிக்கூடம். எனக்கும் இனி இதுதான் ஊர்.

ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் உட்காருவேன். நீ எனக்காக ஓர் அறையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாய் என்று நினைத்ததும் பேனா வேறு பக்கம் போய்விடும். மேஜை, ஆணி வரிசை, நீள அகலம் என்று எழுதிவிடுவேன். அளவு கேட்டதெல்லாம் நான் வரப்போவதில்லை என்பது உனக்குத் தெரியக்கூடாது என்றுதான். நீ பதில் சொல்லாமல் இருந்தபோது, கண்டுபிடித்துவிட்டாய் என்று நடுங்கினேன். என்னைவிட நீ நடுங்கிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்?

டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மொதல்ல அக்காவுக்கு எழுதுங்க. அவங்க சரின்னு சொன்னாத்தான் பதிவு" என்று சொல்லிவிட்டார். என்னைத் தெருவில் விடாமல் பார்த்துக்கொண்டவள் நீ. நன்றி என்று உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

உன் தம்பி


டிசம்பர் 1

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் மூன்று பேரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம்தான், ஆனால் ஒரு வாரம் அப்படி இல்லை.

வருத்தமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? உன் கடிதம் வந்த பிறகு மெஷின் பக்கம் போகவே இல்லை. நீ கல்யாணம் செய்துகொள்வதில் வருத்தமில்லை. என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறாயே, அதுதான். யோசித்துப் பார்த்தால் நான் மட்டும் என்ன, உன்னிடம் சொல்லாமல்தானே எல்லாவற்றையும் செய்தேன். அப்பாவும் அம்மாவும் நம் இரண்டு பேரையும் ஒரே அச்சில்தான் வார்த்திருக்கிறார்கள்.

வார முடிவில் கீழே இறங்கி மன்றத்துக்குப் போனேன். விசில் குனிந்து கிரிக்கெட் ஸ்டம்புக்கு இரும்பு முனையைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். அவருடைய விசில் மறுபடி கழுத்துக்கு வந்திருக்கிறது. வாசலில் ஒரு பெண் நின்றாள், இருபது வயது இருக்கலாம், தோளில் பை. பொட்டலம் கட்டுகிற தொழிற்சாலைக்குப் புதிதாக வேலைக்கு வந்தவளாம். முகத்தைப் பார்த்தாலே இந்த ஊரில் யாரையும் தெரியாது என்று தெரிந்தது.

"உள்ள வரலாமா?" என்றாள்.

விசில் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வாங்க, வாங்க. இங்க கேக்கவெல்லாம் வேணாம்."

அவள் வந்து சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். உன் மேஜை வந்திருக்க வேண்டிய சுவர் அது. எனக்கு அழுகை வந்தது. அவளைப் பார்த்தா, உன்னை நினைத்தா என்று தெரியவில்லை. வராத ஒருவனுக்காக எட்டு வருடம் ஓர் இடத்தைக் காத்து வைத்திருக்கிறேன். கடைசியில் அதை வருகிறவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன். தெரியாமலேயே சரியாகச் செய்துவிட்டேன் தம்பி. அதற்கு நான் நன்றியோடுதான் இருக்கிறேன்.

டீச்சரிடம் நான் சரி என்று சொன்னேன் என்று சொல். பதிவை இனி ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாதே. சின்னப் பெண்ணுக்கு அத்தையின் முத்தம்.

இனி நீ கடைக்காக வர வேண்டாம். என்னைப் பார்க்க வா.

உன் அக்கா